சொக்கப்பன் கட்டாத வரி

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு ராஜ்யத்தில், ஒரு சிறுமி தன் தகப்பனிடம் கேட்டாள்.

"அப்பா, காவல்காரருக்குச் சம்பளம் தரும்போதே வரியைப் பிடிச்சுக்கிறாங்களாமே. உங்களுக்கு யாரு பிடிப்பாங்க?"

"மாசச் சம்பளக்காரருக்குத்தாம்மா பிடிப்பாங்க. என்னை மாதிரி வேலைக்கு வேலை காசு வாங்குறவங்க, தை மாசம் நாங்களே போய் வருமானத்தை வாயால சொல்லி, ஆறில் ஒரு பங்கு கட்டணும்."

"கட்டிட்டீங்களா?"

தகப்பன் மூக்கைச் சுருக்கிக் குரங்குபோல் விழித்தான். குழந்தை சிரித்து ஓடிவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பெயர் சொக்கப்பன், அரசவை விகடன். அவனுக்குச் சம்பளம் கிடையாது. ராஜா சிரித்தால் பொற்கிழி, சிரிக்காவிட்டால் வெறுங்கை. 'பரிசு வேறு, கூலி வேறு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏழு வருஷமாக அவன் வரி கட்டவில்லை. ஆனால் தினமும் குளித்து, திருநீறு பூசி, சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனைக்குப் போகிறவனுக்கு அது கூலி என்று தெரியாதா என்ன? யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம் ராஜாவுக்கு ஊஞ்சல் சங்கிலிக்குப் பொன்முலாம் பூச ஆசை வந்தது. அரசாங்கக் கருவூலமான பண்டாரத்தின் தலைவர் மார்த்தாண்டர் அருகில் வந்து குனிந்தார். விகடன் வாய் திறந்தால் ராஜா காது கொடுக்கிறாரே என்று அவருக்கு வெகுநாள் எரிச்சல்.

"பிரபு, ஒப்பந்த வேலைக்காரர்கள் செலவு செலவு என்று சொல்லியே வரியைக் குறைக்கிறார்கள். கைக்கு வந்ததெல்லாம் வருமானம் என்று ஆணையிடுங்கள். அதை எதிர்த்துப் பேசுகிறவனை அவையை விட்டு விலக்குங்கள்."

பேசாமல் இருக்கச் சொக்கப்பனால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். ராஜாவும் ஆணையிட்டார்.

வரி கட்ட முதலில் வந்தவள் கிணறு வெட்டும் வீராயி. புருஷன் போன பிறகு ஆட்களை வைத்துத் தொழிலை நடத்துகிறவள்.

"முந்நூத்தி அறுபது பணம் வந்துச்சு சாமி. ஆள் கூலி, மாட்டுத் தீனி, கயிறு, கடப்பாரைன்னு முந்நூறு போச்சு. நின்னது அறுபது."

"கைக்கு வந்தது முந்நூற்று அறுபது. ஆறில் ஒரு பங்கு அறுபது. வைத்துவிட்டுப் போ" என்றார் மார்த்தாண்டர்.

"அப்போ வருஷம் முழுக்க நான் மண்ணு தோண்டினது எதுக்கு சாமி? மாட்டை வித்தா அடுத்த கிணத்தை எதை வச்சு வெட்டுவேன்?"

சொக்கப்பனுக்கு வாய் துறுதுறுத்தது. கூடவே அச்சமும் பிடித்தது. 'பேசினால் என் கணக்கைக் கேட்பார்களே.' வீராயி முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அவன் எழுந்துவிட்டான்.

"மகாராஜா, தங்கள் ஆணை மிக நேர்த்தியானது. அதை எதிர்ப்பேனா? ஆனால் பெரிய வருமானக்காரர் இருக்கும்போது இந்த அம்மாவிடம் தொடங்குவது முறையா?"

"யார் அந்தப் பெரிய வருமானக்காரர்?"

"நம் மார்த்தாண்டர்தான். இந்த வருஷம் ராஜ்யத்து வரி முழுவதும் அவர் கைக்குத்தானே வந்தது? லட்சம் பொன்னாவது இருக்கும். ஆறில் ஒரு பங்கு வாங்கினால் சங்கிலி என்ன, ஊஞ்சலையே பொன்னில் செய்யலாம்."

மார்த்தாண்டர் பதறினார். "பிரபு! அது என் பணமா? என் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான்!"

"ஐயா, அந்த அம்மாவும் அதைத்தானே சொல்கிறாள்" என்றான் சொக்கப்பன்.

ராஜா சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் ஆடியது. "செலவு போக நின்றதில்தான் ஆறில் ஒன்று!" என்று ஆணையை மாற்றி, சொக்கப்பனுக்குப் பொற்கிழி ஒன்றை எறிந்தார்.

"உமக்குக் கழிக்க என்னய்யா செலவு? நாக்குக்கு எண்ணெய் போடுகிறீரோ?" என்று மார்த்தாண்டர் முணுமுணுத்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவை சிரித்தது. சொக்கப்பனுக்கு முகம் சுட்டது.

வீராயி பத்துப் பணத்தை எண்ணிக் கண்ணில் ஒற்றிக் கட்டினாள். "ஊருக்குக் குளம் வெட்ட ஆகட்டும்" என்றாள். வெளியே சொக்கப்பனைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். "நியாயம் தெரிஞ்சவரு நீங்க. உங்களாட்டம் மனுசங்க இருக்கறதாலதான் மழை பெய்யுது."

"கும்பிடாதீங்கம்மா" என்றான் அவன். அவள் கையில் காய்த்திருந்த காய்ப்பைப் பார்த்தான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராஜா தந்த பட்டுகளையும் கடுக்கனையும் அவன் விற்றான். மனைவியிடம் காரணத்தைச் சொன்னபோது, அவள் தான் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுக் காசையும் எடுத்து வைத்தாள்.

தேர்த் திருவிழா அன்று பண்டாரக் காவலர்கள்கூட வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். வரி போடும் செப்புக் குடம், குறுகிய வாயோடு தாழ்வாரத்தில் தனியே இருந்தது. காசைப் போட்டால் மட்டும் போதாது, வருமானத்தை வாயால் சொல்லவும் வேண்டும். சொக்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னே நின்றான். ஏழு வருஷத்து வருமானத்தையும், வீராயி வந்த நாளில் கிடைத்த பொற்கிழியையும் சேர்த்து, ஒவ்வொன்றாக, ஆளில்லாத தாழ்வாரத்துக்குச் சொன்னான். நடுவில் ஒரு வருஷத்துக் கணக்குத் தவறியது. நிறுத்தி, அந்த வருஷத்தை மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்லக் காசுகளைப் போட்டான்.

பிறகு தெருவில் இறங்கி, கடைசி ஆளாகப் போய்த் தேர்வடத்தைப் பிடித்துக்கொண்டான்.