கோட்டுக்கு வெளியே

சவரிராயன் வாத்தியாரை அடக்கம் செய்த மறுநாள் மாலை, அவரிடம் கபடி கற்றவர்கள் ஆலை மைதானத்தில் கூடினார்கள். யாரோ பழக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எல்லாரும் ஆடுகளத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

பேச எழுந்தவர் இருளப்பன். வாத்தியாரின் முதல் சீடர். தலை நரைக்கும்வரை ஆலைத் தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவர். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"நாதியில்லாமல் செத்தார் நம் வாத்தியார்! விளையாட்டுச் சங்கத்திலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தானா? நாளைக்கு அவர்கள் வாசலில் கறுப்புக்கொடி. நான் முன்னால் போகிறேன். யார் வருகிறீர்கள்?"

கைகள் உயர்ந்தன. மாரிச்செல்வியின் கை மட்டும் உயரவில்லை. ரயில்வே அணியில் ஆடுகிறவள். இப்போது இருளப்பனிடம் பயிற்சி எடுப்பவள்.

"என்னம்மா, ரயிலை விட்டு இறக்கிருவாங்கன்னு பயமா?" என்றார் இருளப்பன்.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"பயமில்லண்ணே. ஒண்ணு தெரிஞ்சுக்கணும். வாத்தியார் படுத்த பிறகு நீங்க போய்ப் பார்த்தீங்கதானே? நாளைக்கு அவங்க இதைத்தான் முதல்ல கேப்பாங்க."

இருளப்பன் போகவில்லை.

ஒருமுறை தொழிற்சங்கத்தின் உண்ணாவிரதப் பந்தலில் வந்து உட்காரும்படி இருளப்பன் கூப்பிட்டபோது, "எனக்கு ஆட்டம் இருக்குப்பா" என்று வாத்தியார் போய்விட்டார். அன்றிலிருந்து இருளப்பன் வாத்தியார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. படுத்த பிறகு வாத்தியார் ஆள் அனுப்பினார். "சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம், வரச் சொல்லு." அதற்கும் போகவில்லை. ஆள் வந்தது இங்கே யாருக்கும் தெரியாது.

'பார்த்தேன்' என்றால் முடிந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வாத்தியாரிடம் ஒரு சட்டம் இருந்தது. 'கபடி கபடி' என்று பாடி வருகிறவனின் விரல் உன்மேல் பட்டால், நடுவர் பார்க்காவிட்டாலும் நீயே கையைத் தூக்கிவிட்டு வெளியேற வேண்டும். அந்தச் சட்டத்தால் அவர் இழந்த கோப்பைகளைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்திருக்கிறது. இருளப்பனும் சிரித்திருக்கிறார்.

"என்னண்ணே, யோசிக்கிறீங்க?" என்றாள் மாரிச்செல்வி.

இருளப்பன் தொங்கிக்கொண்டிருந்த வலது கையை மெல்லத் தூக்கினார். முழக்கம் வரும் என்று கூட்டம் காத்திருந்தது. வரவில்லை. தூக்கிய கையோடு நடந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டி, ஆட்டமிழந்தவர்கள் உட்காரும் இடத்துக்குப் போய், வெறும் மண்ணில் உட்கார்ந்தார்.

அங்கே இருந்த எல்லாருக்கும் அந்தக் கை என்னவென்று தெரியும்.

மாரிச்செல்வி கோட்டோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, எல்லார் முன்னாலயும் கேட்டது தப்பு. உள்ள வாங்க."

"நீ கூப்பிட்டா வந்திரலாமா?"

"நாளைக்கு நீங்க இல்லாம எப்படி?"

இருளப்பன் தலை நிமிரவில்லை. மடியிலிருந்த கறுப்புக்கொடித் துணியை எடுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவள் காலடியில் வைத்தார்.

"வெளிய போனவன் தானா எந்திரிச்சு வர முடியாதும்மா. உள்ள இருக்கிறவங்க எதிராளியைத் தொட்டுட்டு வந்தாத்தான் உண்டு. போ, நீ பாடு."