பரோட்டாவுக்குத் துணையாப் போன போன்

எங்க மதுரை ஹாஸ்டல் ஏழாம் நம்பர் ரூம்ல மூணு பேரு. ரஹீமா ஆன்லைன்ல டியூஷன் எடுக்குறா, ஜெனிட்டா மெகந்தி போடுறா, பேச்சியம்மா ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை பாக்குறா. மூணு பேருக்கும் கை நல்லா ஓடும். மூளைக்குப் பக்கத்து ரூம்ல நான்.

டியூஷன் கம்பெனி ரஹீமா சம்பளத்துல வரி பிடிச்சிருச்சு. வருமானத்த ஆன்லைன்ல பதிஞ்சா அது திரும்பி வரும். வந்தாத்தான் அவ பரீட்சைக்கு ஃபீஸ் கட்ட முடியும். "மூணு பேரும் பதியணும். படிப்புக்கு நடுவுல சம்பாதிச்சது ஒண்ணு விடாம எழுதுங்க, ஆதாரத்தப் பத்திரமா வைங்க"ன்னு சொன்னேன். என் புத்தியச் சொல்லணும்.

மெஸ் அக்காவுக்கு மெகந்தி போட்டதுக்கு ஜெனிட்டாவுக்கு ரெண்டு பரோட்டா கெடச்சது. வாய்க்குக் கொண்டுபோனவ கையப் பேச்சி பிடிச்சுட்டா. "ஆதாரத்தத் திங்கிறியேடி!" பரோட்டா ட்ரங்குப் பெட்டிக்குள்ள போச்சு. பூட்டும் போட்டாச்சு.

ரஹீமா போன் வாளித் தண்ணியில செத்துப்போனதால வரி வெப்சைட்டுல பேச்சி நம்பரக் குடுத்திருந்தாங்க. பதியக் கடைசி நாளன்னிக்கு ஓடிபி வந்துச்சு. கீழயே, யாரிடமும் பகிர வேண்டாம்னு ஒரு வரி.

"நம்பரச் சொல்லுடி"ன்னா ரஹீமா.

"மாட்டேன். யார்கிட்டயும்னு போட்டிருக்கு."

"சரி, நீயே டைப் பண்ணு."

"பண்ணா வெப்சைட்டுக்குத் தெரிஞ்சிருமே!"

"அனுப்புனதே அதுதானடி!"

"அனுப்பிட்டு, நாம ஒளறுறோமான்னு பாக்குது."

மூணு பேரும் கன்னத்துல கை வச்சு யோசிச்சாங்க. ஜெனிட்டாதான் வழி சொன்னா: "நாம எதுக்கு நடுவுல? ரெண்டும் மெஷினு. அதுகளே பேசிக்கட்டும்."

போனையும் லேப்டாப்பையும் மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு, போர்வையப் போத்தி, கதவச் சாத்திட்டு வெளிய வந்து நின்னாங்க. பத்து நிமிஷத்துல ஓடிபி காலாவதி. மறுபடி ஒண்ணு, மறுபடி போர்வை. நாலாவது தடவ நான் கத்திக்கிட்டே உள்ள புகுந்து, போனப் பாத்து லேப்டாப்புல நம்பர அடிச்சு, அனுப்பிட்டேன்.

மூணு பேருக்கும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. பேச்சி போன ஓங்கி ஒரு தட்டு தட்டினா. "உன்ன நம்பித்தான தனியா விட்டோம்? இவகிட்டப் போய்ச் சொல்லிட்டியே!" போனும் பெட்டிக்குள்ள போச்சு, பரோட்டாவுக்குத் துணையா. சார்ஜர் வயர மட்டும் இடுக்கு வழியா விட்டாங்க. தண்டனைதான், பட்டினி போடக் கூடாதாம்.

சில வாரம் கழிச்சு, ஃபீஸ் கட்டக் கடைசி நாள். ரஹீமா அழுதுக்கிட்டு வந்தா. "பணம் வந்தா போன்ல மெசேஜ் வரும்னியே, வரவே இல்லையே!"

பெட்டிக்குள்ள டிங்குன்னு சத்தம்.

"தொறங்கடி!"ன்னு கத்தினேன்.

பேச்சி பெட்டி மேல ஏறி உக்காந்துட்டா. "கண்டுக்காத. நீ வந்தாலே அதுக்கு வாய் நிக்காது."