போய் வந்த மைனாக்கள்

காட்டுக் குளத்தின் கரையில் நண்டு வளை விழுந்து தண்ணீர் கசியும்போதெல்லாம் எருமைக்கும் கரடிக்கும் சண்டை வரும். எருமை உள்பக்கம் சேற்றை மிதித்து வளையை அடைக்க வேண்டும். கரடி வெளிப்பக்கம் கல்லை உருட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் கரை நிற்காது. கோடையில் அந்தக் காட்டுக்கு இருந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

"டேய் தூங்குமூஞ்சிக் கரடி, கல்லைக் கொண்டாடா!" என்று எருமை கத்தும்.

"வரேன்டா. சேத்துல புரள்ற உனக்கு என்ன அவசரம்?" என்று கரடி உறுமும்.

காடே காதைப் பொத்திக்கொள்ளும். ஆனால் அன்றைக்கே வளை அடைபட்டுவிடும்.

ஒருநாள் நரி இரண்டு மைனாக்களோடு வந்தது.

"எவ்வளவு பெரிய ஆளுங்க நீங்க. இப்படிக் கத்திக்கிட்டு இருக்கலாமா? இனிமே வாயே திறக்க வேண்டாம். உங்க பேச்சை இதுங்க பேசும். மரியாதை தப்பாது, யார் மனசும் நோகாது."

இருவருக்கும் வாயெல்லாம் பல். பேசுகிற தொல்லையே இல்லை என்றால் சோம்பேறிக்குக் கசக்குமா? கரடி ஒரு பெரிய தேனடையைக் கொடுத்தது. எருமை நரியை முதுகில் ஏற்றிக் காடு முழுக்கச் சுற்றிக் காட்டியது. ஆளுக்கொரு மைனா கிடைத்தது.

நடுக்கோடையில் கரையில் வளை விழுந்தது. எருமை எழுந்திருக்கவில்லை. "கரை கசியுது, கரடியை உடனே கல்லோட வரச் சொல்லு" என்று தன் மைனாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

கரைக்குப் பக்கத்திலேயே இருந்த கரடியின் குகைக்கு வெளியே நாவல் மரத்தில் அதன் மைனா உட்கார்ந்திருந்தது.

"வாருங்கள், வாருங்கள்! சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன். தாங்கள் சாப்பிட்டீர்களா?" என்றது எருமையின் மைனா.

"தாங்கள் கேட்டதிலேயே வயிறு நிறைந்துவிட்டது."

"கரை கசிகிறதாம். கரடியார் உடனே கல்லோடு வர வேண்டுமாம்."

"மிக அருமையான செய்தி! இவ்வளவு அழகாக யாருமே சொன்னதில்லை. விருந்தாளியை விட்டுவிட்டு எழுந்து போவது மரியாதை இல்லை. தாங்கள் கிளம்பியதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன்."

"மிக்க நன்றி. போய் வருகிறேன்."

"வாருங்கள்."

புறப்படும்போது 'போகிறேன்' என்று நாம் சொல்வதில்லை அல்லவா? நரி அந்த வழக்கத்தையும் கற்றுக்கொடுத்திருந்தது. அதன் அர்த்தத்தைத்தான் கற்றுக்கொடுக்கவில்லை. எருமையின் மைனா அடுத்த கிளைவரை போனது. 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டதால் திரும்பி வந்தது.

"வாருங்கள், வாருங்கள்! சாப்பிட்டீர்களா?"

இப்படியே பொழுது போனது. எருமை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. "அடேங்கப்பா, எவ்வளவு அக்கறையாப் பேசுதுங்க. வேலை பலமா நடக்குது" என்று மறுபடி கண்ணை மூடியது. குகைக்குள் கரடியும், "சண்டை சச்சரவே இல்லை, நிம்மதி" என்று புரண்டு படுத்தது.

திடீரென்று கரை உடைந்தது. குளம் மொத்தமும் பள்ளத்தில் பாய்ந்து ஓடிவிட்டது. மீன்கள் சேற்றில் துடித்தன. தாகத்தோடு வந்த மான்குட்டிகள் ஒன்றும் புரியாமல் நின்றன.

"ஏண்டா கல்லோட வரலை?" என்றது எருமை.

"நீ எங்கடா கூப்பிட்ட?" என்றது கரடி.

இரண்டும் நாவல் மரத்தை நிமிர்ந்து பார்த்தன.

"போய் வருகிறேன்."

"வாருங்கள்."

கரடி ஓங்கி மரத்தை உலுக்கியது. மைனாக்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று ஒரே குரலில் கேட்டன.

இருவரும் நரியைத் தேடிப் பிடித்தார்கள். நரி அசரவில்லை.

"பேசும்னுதானே சொன்னேன்? பேசிச்சா இல்லையா? காதுல வாங்குற மைனா வேற ரகம். அதுக்கு இன்னொரு தேனடை ஆகும்."

சொல்லிவிட்டு, தேன் தின்ற வாயைக் கழுவ நரி குளத்தில் இறங்கியது. கால் சேற்றில் புதைந்ததே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அன்றே எல்லா மிருகங்களும் நாக்கு வறளக் காட்டைக் காலி செய்தன. எருமையும் கரடியும் வழியெல்லாம் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே நடந்தன. வாய் இப்போது நன்றாகத் திறந்தது. நாவல் மரத்தில் மட்டும் உபசாரம் இன்னும் முடியவில்லை.

நீதி: நாமே பேசித் தீர்க்க வேண்டியதை வாடகை வாய்களிடம் விட்டால், பேச்சு இனிக்கும், காரியம் கெடும்.