ஊமைப் பேட்டரி

கோதண்டத்துக்குக் காவி கட்டிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அறுபதைத் தாண்டியவர், பாதி ஆயுசை லாரியில் கழித்தவர். இப்போது படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடத்தில் சீடராகச் சேர்ந்து, மடத்துக் காரையும் ஓட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல் காவி வேட்டிகூட வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். அது மடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மடத்தின் குரு அவரைவிட இருபது வயது இளையவர், ஒரு பெண். ஊரே அவரை அம்மா என்று கூப்பிட்டது; கோதண்டமும் அப்படித்தான். அம்மா அவரை ஐயா என்பார்.

"தீட்சை எப்போம்மா தருவீங்க?"

"வீட்டுல சொல்லிட்டீங்களா ஐயா?"

"வீட்டுல யாரு இருக்கா? ஒரே மக, தேன்மொழி. அவ கதை முடிஞ்சுபோச்சு."

முடிந்த கதை இதுதான். தேன்மொழி மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு ஆரணியில் குடியேறினாள். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. பேரன் பிறந்தான்; அதற்கும் போகவில்லை. அவள் போனில் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவார். கடைசியில் அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் போன் செய்ய வீம்பு விடவில்லை.

"திட்டுற வரைக்கும் உசுரு இருந்துச்சும்மா. இப்போ சத்தமே இல்ல. அத்துப்போச்சு. எனக்கு இனி காவிதான்."



அந்தச் சமயத்தில் காரின் பேட்டரி போய்விட்டது. பக்தர் ஒருவர் லித்தியம் பேட்டரி வாங்கிக் கொடுத்தார். கோதண்டம் பழையதை முக்கி முனகி இறக்கினார், அத்தனையும் ஈயம். புதியது ஒரு கையில் வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. கனமில்லாத சாமானை அவர் ஜென்மத்தில் நம்பியதில்லை. தண்ணீர் ஊற்றும் மூடியைத் தேடித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியே இல்லை.

"தண்ணி கேக்காத பேட்டரி என்ன பேட்டரிம்மா?"

ஆனாலும் புதுச் சாமானுக்கு உண்டான மரியாதையில் அவர் குறை வைக்கவில்லை. பேட்டரியின் தலையில், பொட்டு வைப்பதற்கென்றே விட்டதுபோல் ஒரு சின்ன வட்டம் இருந்தது. அதில் சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமமும் இட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அம்மாவின் சொற்பொழிவு. அன்று பார்த்துக் கரண்ட் இல்லை. கோதண்டம் மைக் செட்டைக் கார் பேட்டரியில் மாட்டிவிட்டார். காலையிலிருந்து பாட்டும் பேச்சுமாக நன்றாகத்தான் போயிற்று. மத்தியானம், மங்களம் பாடும்போது மைக் பட்டென்று நின்றது. கோதண்டம் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். டிக் என்றுகூடச் சத்தம் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அம்மா வந்தார்.

"செத்துப்போச்சும்மா. பழசா இருந்தா முனகும், லைட்டு மங்கும், முன்கூட்டியே சொல்லும். இது வாயே தொறக்காமப் போய்ச் சேர்ந்துடுச்சு. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

"பானட்டைத் தொறங்க."

திறந்தார். அம்மா முந்தானை நுனியால் காய்ந்த சந்தனத்தைத் துடைத்தார். அடியில் ஒரு பட்டன் இருந்தது.

கோதண்டம் அசடு வழிந்தார். "பொட்டுக்கு இடம் விட்டிருக்கான்னு நெனச்சேன்."

"வாங்கிக் கொடுத்தவர் சொன்னார். ரொம்ப இறங்கிப்போனா இது தானாவே வாயை மூடிக்குமாம். இல்லேன்னா கெட்டுப்போயிடுமாம்."

"மூடிக்கிட்டா செத்த மாதிரிதானேம்மா?"

"ஒரு தடவை கிளப்புற அளவுக்கு உள்ள எடுத்து வச்சுக்கிட்டுத்தான் மூடுமாம். அமுக்கிப் பாருங்க."

கோதண்டம் அமுக்கினார். போய்ச் சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பேட்டரிக்காக எவனும் அழமாட்டான் என்பது அவருக்கே தெரிந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அம்மா கண்ணாடி ஓரமாக வந்து நின்றார்.

"ஒரு தடவைதான்னு சொன்னீங்களேம்மா. அணைச்சா?"

"அணைக்காதீங்க. மறுபடி கிளம்பாது. ஓட ஓடத்தான் ஏறும்."

"எவ்வளவு தூரம் ஓட்டணும்?"

அம்மா பின்கதவைத் திறந்து தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவைச் சாத்தினார்.

"ஆரணி வரைக்கும் ஓட்டுங்க ஐயா. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."