ஏழாவது காலில் விளக்கு

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் ஜமீலா. வால்பாறையில் ஒரு பேக்கரி மாடியில், சால்டரிங் புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர். சீடர்தான் வயதில் மூத்தவர். சூசைமாணிக்கம் என்று பெயர். ரொம்ப வருஷம் எஸ்டேட் லைன் வீடுகளில் டிவி ரிப்பேர் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை அண்ணா என்பார்.

அன்று காலையிலிருந்தே சூசைக்குக் கால் தரையில் பாவவில்லை. இருக்காதா பின்னே? தன் கையால் செய்த முதல் எலக்ட்ரானிக் போர்டு, மூன்று மணி ஜீப்பில் வனத்துறையோடு மலைக்குப் போகிறது. ஆற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு கம்பத்தில் மாட்ட வேண்டும். யானைக் கூட்டத்தின் தலைவிக்கு வனத்துறை ரேடியோ பட்டை கட்டியிருக்கிறது. அவள் பாலத்தை நெருங்கினால் சிவப்பு விளக்கு எரியும். தேயிலை பறித்துவிட்டு வரும் பெண்கள் அதைப் பார்த்துத் தள்ளியே நின்றுகொள்வார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி சூசையின் தங்கை லூர்து. போன மாதம் யானைக் கூட்டத்துக்குப் பயந்து பாலத்துக்கு அடியில், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து உயிர் தப்பி வந்தவள். இப்போது மேற்கே மழை கட்டிக்கொண்டு நிற்கிறது. இன்றைக்கு விட்டால் மழைக்காலம் முடிந்துதான் அடுத்த ஜீப்.

"மேடம், இங்க பாருங்க, பாருங்க!"

சூசை போர்டிலிருந்த சோதனைப் பட்டனை அழுத்தினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அட! எப்படிண்ணா?"

"விளக்கை ஏழாவது கால்ல கோர்த்திருக்கேன். ஃபைல்ல நாலுன்னு இருந்துச்சு. திறந்து ஏழாக்கிட்டேன்."

ஜமீலா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போர்டில் இருக்கும் சிப்புக்கு வரிசையாகக் கால்கள் உண்டு. எந்தக் காலில் எது, நினைவிடம் எவ்வளவு, என்னென்ன டிரைவர் புரோகிராம் வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல ஒரு செட்டிங்ஸ் பக்கம் இருக்கிறது. போர்டு சப்போர்ட் பேக்கேஜ் என்பார்கள். அதில் சொல்லிவிட்டு 'ஜெனரேட்' பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டரே ஒரு ஃபைலை எழுதிக் கொடுத்துவிடும். நம் சூசை அந்தப் பக்கத்துக்கே போகவில்லை. எழுதி வந்த ஃபைலில் நேராகக் கையை வைத்துவிட்டார். டிவி ரிப்பேர்க்காரர் இல்லையா, கோளாறு கண்ணில் பட்ட இடத்தில் கை வைத்தே பழக்கம்.

"பேட்டரி மிச்சம் பிடிக்கணும், அதையும் சேர்த்துடலாம்," என்று ஜமீலா செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டு ஜெனரேட்டை அழுத்தி, போர்டில் ஏற்றினார்.

விளக்கு அணைந்தது. ஃபைலில் மறுபடியும் நாலு.

சூசை பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாக்கினார். அடுத்து ஜமீலா கடிகார வேகத்தை மாற்றினார். ஏழு போச்சு, நாலு வந்து உட்கார்ந்துகொண்டது.

"இதென்ன அநியாயம் மேடம்! நான் சரியாத்தானே எழுதறேன்? எதுக்கு இப்படி அழிச்சு அழிச்சு விளையாடுது?"

"சாப்பிட்டுட்டு பேசலாம்ணா. யானை சிக்னலைப் பிடிக்கற ரேடியோ ஒண்ணுதான் பாக்கி."

மெஸ்ஸிலிருந்து கேரியர் வந்திருந்தது. சூசை குழம்பிலிருந்த கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடியில் வைத்தார்.

"பிடிக்காதா?"

"வாயில வெச்சா தொண்டை அரிக்கும் மேடம்."

"நேத்தும் எடுத்து வெச்சீங்க."

"தினமும் போடறாங்களே!"

"நாளைக்கு?"

"நாளைக்கும் எடுத்து வைப்பேன். என்ன பண்றது?"

ஜமீலா சிரித்துக்கொண்டே மூடியைத் தன் பக்கம் இழுத்து, கத்தரிக்காயை ஒன்றுவிடாமல் சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு சூசைக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்த யோசனையில் மனுஷர் தொடையைத் தட்டிக்கொண்டு துள்ளினார். ஃபைலில் ஏழு என்று எழுதினார். எழுதிவிட்டு அந்த ஃபைலைப் பூட்டினார். இனி யாரும் படிக்கலாம், எழுத முடியாது.

"இப்ப அழிக்கச் சொல்லுங்க மேடம், பார்க்கறேன்!"

ரேடியோவுக்கு டிக் போட்டு அவரே ஜெனரேட்டை அழுத்தினார். திரையின் அடியில் மஞ்சளாக ஏதோ ஒரு வரி வந்தது. அதை யார் பார்த்தார்கள்? ஃபைலில் ஏழு அசையாமல் இருந்தது. பட்டனை அழுத்தினால் விளக்கும் எரிந்தது.

"எரியுது! எரியுது! மேடம், ஜெயிச்சாச்சு!"

"சந்தோஷம்ணா. யானையைக் கூப்பிடட்டுமா?"

யானை என்று அவர்கள் சொல்வது ஒரு சின்ன டப்பாவை. தலைவி கழுத்தில் இருப்பது போலவே சிக்னல் அனுப்பும். ஜமீலா அதை எடுத்துக்கொண்டு வராந்தாவிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். வாசலுக்கு வந்தார். மேஜைக்கு வந்தார். டப்பாவைப் போர்டின் மேலேயே வைத்தார்.

விளக்கு எரியவில்லை.

"யானை வந்து தோளுரசி நிக்குதுண்ணா. உங்க விளக்குக்குத் தெரியலையே."

சூசை ஃபைலை மேலிருந்து கீழ்வரை தேடினார். ஏழு இருந்தது. ரேடியோ என்ற பேச்சே இல்லை. கீழே ஜீப் வந்து ஹாரன் அடித்தது.

"ரேடியோ ஏன் மேடம் உள்ள வரல?"

"எப்படி வரும்? வாசலைத்தான் பூட்டிட்டீங்களே."

"ஐயோ, என் தங்கச்சி அந்த வழியாத்தான் வருவா! நேரமில்ல மேடம், என்ன செய்யணும்னு சொல்லிடுங்க!"

ஜமீலா நிதானமாகப் போனை எடுத்தார். "மெஸ்ஸா? ராஜாத்தியக்கா, நம்ம சூசையண்ணாவுக்கு நாளையில இருந்து கத்தரிக்கா போடாதீங்க. தொண்டை அரிக்குதாம். ஆமாக்கா, அவ்வளவுதான்."

"ஜீப் நிக்குது! இந்த நேரத்துல கத்தரிக்காய்க்கா போன் பண்ணுவாங்க? நீங்க என்ன மேடம்..."

கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

மளமளவென்று ஃபைலின் பூட்டைக் கழற்றினார். செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனார். காலையிலிருந்து அங்கேயே இருந்த வரி அது. 'விளக்கு: கால் 4'. ஏழாக்கினார். ஜெனரேட்டை அழுத்தும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தால் ஃபைலில் ஏழு. அதற்குக் கீழே ரேடியோ. போர்டில் ஏற்றினார். டப்பா மேஜைக்கு வருவதற்கு முன்னாலேயே, வாசலில் வரும்போதே, விளக்கு சிவப்பாக எரிந்தது. சூசை ஓடிப் போய் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, எரியுது! ரெண்டே நிமிஷம்!" என்று ஜீப் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

அப்புறம் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார்.

"எதுக்குண்ணா?"

"இந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கறேன் மேடம். ராசியான ஃபைல். யாராவது கை வெச்சுட்டா?"

ஜமீலா எட்டி, அந்த ஃபைலை அழித்தார்.

"மேடம்!"

சூசையின் அலறலில் ஜீப் டிரைவரே படியேறி வந்துவிட்டார். ஜமீலா கீபோர்டைச் சூசையின் பக்கம் தள்ளினார்.

"அழுத்துங்கண்ணா."

அழுத்தினார். ஃபைல் புதிதாக வந்தது. அதில் ஏழு இருந்தது. ரேடியோவும் இருந்தது. சூசை அதை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். பென் டிரைவை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும், "முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார்.

"அந்த ஃபைலோட முதல் வரியே அதைத்தான் சொல்லுதுண்ணா. 'இது தானாக எழுதப்பட்டது, இங்கே திருத்தாதீர்கள்'னு."

"படிச்சேனே! வேற யாருக்கோ சொல்றாங்கன்னு நினைச்சேன்."

ஜீப் முழுக்கச் சிரிப்பு.

கம்பத்தில் மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஜீப்பைத் தள்ளி நிறுத்தி எல்லோரும் காத்திருந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. முன்னால் வருவது லூர்து. சூசை கை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

விளக்கு எரிந்தது.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கூடைகள் தரைக்கு இறங்கின. மூங்கில் ஒடியும் சத்தம். தலைவி வந்தாள், பின்னால் குட்டி, அதன் பின்னால் மற்றவை. யாரையும் திரும்பிப் பார்க்காமல், பாலத்து ஓரமாக ஆற்றில் இறங்கி அக்கரை ஏறிப் போயின. விளக்கு தானாக அணைந்தது.

லூர்து ஓடி வந்து அண்ணன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "நீ செஞ்சதா இது? நிஜமா நீயா?" சூசைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

"மேடம், நாளைக்கு அந்தத் தலைவியே வந்து போர்டைக் கம்பத்தோட சாய்ச்சுட்டா?"

ஜமீலா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"சாய்க்கட்டும்ணா. ஏழு எங்க எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"