இருபதைத் தொட்டால் விழும் பூட்டு

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிய சோலையப்பனுக்கு, ஐம்பத்து நான்கு வயதில் கால் டாக்ஸி ஓட்ட ஒரு குரு தேவைப்பட்டது. குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் முத்துப்பேச்சி. மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவள் வாத்தியாரம்மா. ஏழு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறாள், அவள்மேல் ஒரு புகார் கிடையாது. சோலையப்பன்மேல் மூன்றே மாதத்தில் இரண்டு.

இரண்டும் பெண்கள் கொடுத்தவை. டிரைவர் கதவைப் பூட்டிவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டாள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். வேலை போனால் போகிறது. தன்னைப் பார்த்து ஒரு பெண் பயந்தாள் என்பதுதான் அந்த மனிதரைச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

"நான் பூட்டவே இல்ல, வாத்தியாரம்மா. வேகம் இருபதைத் தொட்டா வண்டி அதுவாப் பூட்டிக்குது. மீசையப் பாத்துத்தான் பயப்படுறாங்களோன்னு அதையும் எடுத்துட்டேன்."

மீசை போன முகம் உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"சாவியக் குடுங்கண்ணே. பின்னால உக்காருங்க. ஒத்தக்கடையில டீ குடிப்போம்."

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் டக்கென்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. ஒத்தக்கடை வருமுன்பே அவள் ஒரு மண்பாதையில் வண்டியைத் திருப்பினாள்.

"எங்க போறோம்?"

அவள் கியரை மாற்றினாள். இரண்டு பக்கமும் கருவேலங்காடு.

"வாத்தியாரம்மா?"

கண்ணாடி வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தினாள்.

"அண்ணே, உங்க கை எங்க இருக்கு?"

சோலையப்பன் குனிந்து பார்த்தார். வலது கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. மலைப்பாதையில் பிரேக் போன லாரியைப் பாறையோரம் ஒதுக்கி நிறுத்திய கை அது.

"என்னை நல்லாத் தெரிஞ்ச கையே இப்படிப் பிடிக்குது," என்றாள் முத்துப்பேச்சி.

பிறகு எஞ்சினை அணைத்தாள். சாவியை ஒரு திருப்பு திருப்பி, தன் கதவிலிருந்த பூட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஐந்து எண்ணுவதற்குள் இண்டிகேட்டர் இரண்டு தடவை கண் சிமிட்டியது.

"இனி அதுவாப் பூட்டாது. வேற வண்டின்னா அதோட புத்தகத்தப் பாத்துக்கங்க."

"சிக்னல்ல எவனாவது கதவத் திறந்துட்டா?"

"ஏறுனதுமே சொல்லிருங்க. பூட்டு உங்க பக்கத்துல இருக்கு, வேணும்னா போட்டுக்கங்கன்னு."

"போடலைன்னா?"

"போடாமலே ஓட்டுங்க."

நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு அறிவை யார் கொடுத்தது என்று அன்று முழுக்க வியந்துகொண்டே ஓட்டினார் சோலையப்பன்.

மறுநாள் மத்தியானம் ஸ்டாண்டுக்கு வந்தவர், வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் அவளிடம் போனார்.

"திருமங்கலத்துக்கு ஒரு நர்ஸுப் பொண்ணு ஏறுச்சு. நீங்க சொன்னபடியே சொன்னேன். கேட்டுக்கிச்சு, ஆனா பூட்டு போடல. அப்புறம் ஒரு சிக்னல்ல குடிகாரப் பயலுக ரெண்டு பேர் வந்து கண்ணாடியத் தட்டுனாங்க. நான் திரும்புறதுக்குள்ள அந்தப் பொண்ணே டக்குன்னு பூட்டிருச்சு. அதுக்கப்புறம் ஊர் வர்ற வரைக்கும் தூக்கம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. புகார் வந்த அன்னைக்கும் கதவு பூட்டித்தான் இருந்துச்சு. இன்னைக்கும் பூட்டித்தான் இருந்துச்சு. அப்புறம் என்ன வித்தியாசம்?"

முத்துப்பேச்சி தன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை ஒரு உதறு உதறினாள்.

"இன்னைக்கு அந்தப் பொண்ணு உங்களையும் உள்ள வச்சுல்ல பூட்டியிருக்கு, அண்ணே."