விரட்டுகிறவனும் காத்திருக்கிறவனும்

ஒரு காட்டின் ஓரத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. கரை நெடுகக் கோரைப்புல்லும் ஆம்பல் கொடியும் அடர்ந்திருக்கும். நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தண்ணீர்தான்.

கோரைக்குள் கரியன் என்ற விரால் மீன் குடியிருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு. அதற்குத் தெரிந்த ஒரே வேலை காத்திருப்பது. அசையாமல் கிடக்கும், வெளிச்சி மீன் பக்கத்தில் வந்தால் வாயைத் திறக்கும், மூடும். வெளிச்சி தெரியும் அல்லவா? விரல் நீளத்தில் வெள்ளியாக மின்னுமே, அந்தப் பொடிமீன்.

போன மழைக்காலத்தில் தூண்டில்காரர்கள் பெரிய பீப்பாய்களில் புது மீன்களைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். உடம்பில் கோடு கோடாக இருந்ததால் எல்லோரும் அவற்றை வரிமீன் என்றார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் வரியன். அதற்கு ஓரிடத்தில் நிற்கவே தெரியாது. காலையிலிருந்து மாலைவரை நடு ஏரியில் வெளிச்சிகளை விரட்டிக்கொண்டே இருக்கும்.

அதைப் பார்க்கப் பார்க்கக் கரியனுக்கு வயிறெரிந்தது.

“ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டின கதையா இருக்கு! இவனுங்க இப்படித் தின்னா நமக்கு என்ன மிஞ்சும்?” என்று மனைவி செம்பியிடம் புலம்பியது.

“நேத்து நீங்க எத்தனை வெளிச்சி தின்னீங்க?”

“ஏழெட்டு இருக்கும்.”

“வயிறு நிறைஞ்சுதா?”

“நிறைஞ்சுது. அதுக்காக?”

செம்பி சிரித்துவிட்டுக் குஞ்சுகளிடம் போய்விட்டது. அப்போதுதான் அவர்களுக்குக் குஞ்சு பொரித்திருந்தது. செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள், ஒட்டிக்கொண்டே நீந்தும். தண்ணீர்ப்பாம்பு ஒன்று அவற்றின்மேல் கண்ணாகவே இருந்தது. அது நெருங்கும்போதெல்லாம் விரால்கள் இரண்டும் பாய்ந்து முட்டித் துரத்திவிடும்.

மறுநாள் கரியன் கோரையின் விளிம்புக்குப் போய் வரியனைக் கூப்பிட்டது.

“தம்பி, வடக்கே மதகு இருக்கே, அங்கே வெளிச்சி ஒவ்வொண்ணும் என் தலைப் பருமன். இங்கே ஏன் பொடிசைத் துரத்திக் கஷ்டப்படுறே?”

வரியனின் முகம் மலர்ந்தது. “எங்கிட்ட இதைச் சொல்லணும்னு உனக்குத் தோணிச்சே! பெரிய மனசுண்ணே உனக்கு.”

அடுத்த நொடியே கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு வடக்கே போய்விட்டது. கரியனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தன் சாமர்த்தியத்தை நினைத்து வாலை ஆட்டிக்கொண்டது.

“இனி ஏரி முழுக்க நமக்குத்தான்!” என்று வழக்கம்போல் காத்திருந்தது.

வெளிச்சி வரவில்லை.

மறுநாளும் காத்திருந்தது. அன்றும் வரவில்லை. எல்லா வெளிச்சிகளும் நடு ஏரியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றாம் நாள் பசி தாங்காமல் கரியனே நடு ஏரிக்குப் போய்ப் பாய்ந்தது. வெளிச்சிகள் சட்டென்று விலகின. மறுபடி பாய்ந்தது, மறுபடி விலகின.

“தாத்தா, மெதுவா! மூச்சு வாங்குது பாருங்க!” என்று கேலி செய்தது ஒரு வெளிச்சி.

கரியன் வெறும் வாயோடு திரும்பியது. கோரைக்குள் செம்பி துவண்டு கிடந்தது. இரண்டடி தள்ளித் தண்ணீர்ப்பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது.

“இப்பதான் ஒரு தடவை முட்டினேன். அது நகரக்கூட இல்லை. என் உடம்புல தெம்பு இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றது செம்பி.

“வரிமீன்தான் போயிட்டானுங்களே, அப்புறம் ஏன் வெளிச்சி நம்ம பக்கம் வரலை?”

“போனதாலதான் வரலை! அவங்க விரட்டினாங்க, அதுங்க ஒளிய இடம் தேடி இங்கே ஓடி வந்துச்சு, நீங்க வாயைத் திறந்தீங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி நாளெல்லாம் கிடந்தாலும் ஒண்ணு ரெண்டு சிக்குறதே அபூர்வம், மறந்துட்டீங்களா? இத்தனை நாளும் நீங்களா பிடிச்சீங்க?”

கரியனுக்குத் தலை கவிழ்ந்தது. உடனே மதகை நோக்கி நீந்தியது. வழியெல்லாம் குஞ்சுகளின் நினைப்புதான்.

மதகடியில் வரிமீன்கள் எல்லாம் மெலிந்துபோய் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

“அண்ணே! வந்துட்டியா?” என்றது வரியன். “இங்கே ஒண்ணையும் காணோம். நீ சொன்னா இருக்கும்னு, உன்னை மாதிரியே அசையாம நின்னு பார்த்தோம். உடம்பெல்லாம் வலிக்குது. நீ எப்படித்தான் நிக்கிறியோ!”

கரியனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

“தம்பி, இங்கே எப்பவும் ஒண்ணும் கிடையாது. பொறாமையில பொய் சொன்னேன். இப்போ என் குஞ்சுங்க பக்கத்துல பாம்பு நிக்குது. முட்டி விரட்ட எங்களுக்குத் தெம்பில்லை. நீங்க திரும்பி வந்து விரட்டினாத்தான் எங்களுக்குச் சாப்பாடு.”

வரிமீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இளம் வரிமீன் ஒன்று, “நமக்கென்ன தலையெழுத்து?” என்று முறைத்தது.

வரியன் யோசித்தது. நின்றுகொண்டே யோசிக்க அதற்கு வராது. இரண்டு சுற்றுச் சுற்றியது.

“பொய் சொன்னது இந்த அண்ணன். குஞ்சுங்க என்ன பண்ணுச்சு? வாங்கடா!”

நடு ஏரி கலங்கியது. வரிமீன்கள் பாய்ந்த பாய்ச்சலில் வெளிச்சிகள் நாலா பக்கமும் சிதறின. அவற்றில் பாதி, வரிமீன்களின் வாய்க்குப் போயின. மீதி கோரைக்குள் வந்து விழுந்தன. செம்பி இரண்டை விழுங்கியது, மூன்றாவதையும் விழுங்கியது. கரியன் வந்து சேர்ந்ததும் இருவருமாகப் பாய்ந்து முட்டிய முட்டில் பாம்பு கரையேறி ஓடியது. ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை.

“உன் வீட்டுக்குள்ள ஓடி வந்ததெல்லாம் உனக்குத்தாண்ணே. அந்தக் கோரைக்குள்ள எங்களால திரும்பக்கூட முடியாது” என்று வெளியிலிருந்து கத்தியது வரியன்.

அன்றுமுதல் வரியன் விரட்டியது, கரியன் காத்திருந்தது. இரண்டு வயிறும் நிறைந்தன. நடு ஏரியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் செம்பி மட்டும் கணவனைச் சீண்டும்:

“ஒண்ட வந்த பிடாரி கிளம்பிடுச்சு, வாயைத் திறங்க!”

நீதி: பக்கத்தில் வாழ்பவரின் உழைப்பில் நம் சோறும் இருக்கிறது, அவரை விரட்ட நினைக்குமுன் அதை எண்ணிப் பார்.